ஒற்றுப்புள்ளிக்கு ஒரு விண்ணப்பம்

முப்பது சென்டிமீட்டர்.
பீல் பழைய நகரில் கடைப்பெயரின் எழுத்து
அதற்குமேல் வளரக் கூடாது.
உள்ளிருந்து ஒளிரக் கூடாது.
சுண்ணாம்புக்கல்லில் துளை போடக் கூடாது;
கல்லுக்கும் கல்லுக்கும் இடையே உள்ள சாந்தில் போடலாம்,
ஆறு மில்லி,
அதுவும் நகரசபை ஓம் என்ற பிறகு.

மங்களேஸ்வரி கேட்டதோ ஒரே சொல்:
தையல்.
மேலே ஜெர்மன் சின்னதாக, கீழே பிரெஞ்சு சின்னதாக,
நடுவில் இது.
"இதுக்குப் பெண் எண்டும் பொருள் இருக்கு,
அதையும் சேர்த்து விலை போட்டுடாத" என்றாள்.

அவள் அனுப்பிய கோப்பில்
பழைய எழுத்துரு உடைந்து கிடந்தது:
நாலு ஆங்கில எழுத்து, கடைசியில் ஓர் அரைப்புள்ளி.
அந்த அரைப்புள்ளிதான் ஒற்றாம்.
யூனிகோடில் திரும்ப அடித்து
வளைகோடாக மாற்றினேன்.
அப்போதுதான் கண்ணில் பட்டது,
லகரத்தின் தலைக்குமேல்
எதிலும் ஒட்டாமல் மிதக்கும் வட்டம்.

அலுவலகத்தில் லூஷர் அம்மையார்
வரைபடத்தின்மேல் அளவுகோலை வைத்தார்.
முப்பத்தாறு.
புள்ளியோடு சேர்த்தால், என்றேன்.
புள்ளியை எடுத்துவிட்டால்?
எழுத்து வாயைத் திறந்துவிடும், என்றேன்.
வாயை மூடத்தான் அதை வைத்திருக்கிறோம்.
என் ஜெர்மனில் அந்த வாக்கியம்
பாதி வழியில் இறங்கிக்கொண்டது.
"பெரிய எழுத்தின் உயரம்" என்று விதி சொல்கிறது, என்றார்.
எங்களிடம் பெரிய எழுத்தே இல்லை, என்றேன்.
எழுந்து போய்க் கதவைச் சாத்தினார்.
கதவில் அவர் பெயர்.
அதன் இரண்டாம் எழுத்தின் தலையில் இரண்டு புள்ளி.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
அவரும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றார்.

ஏழு வாரம்.
பிறகு கடிதம்: புள்ளிகள் உயரத்தில் சேரா.
கட்டணம் நூற்றெண்பது பிராங்க்.

லீஸில் லேசர் வெட்டி வந்த அலுமினியம்,
மூன்று மில்லி, கத்தரிப்பூ நிறப் பூச்சு.
நடைபாதையை மறிக்க எட்டு முதல் பதினொன்று வரை அனுமதி.
பெஸ்னிக் ஏணியில்; நான் கீழே
காகித அச்சைப் பிடித்துக்கொண்டு.
ஐகாரக் கொம்புக்குச் சாந்து கிடைத்தது.
தகரத்துக்கும் யகரத்துக்கும் கிடைத்தது.
லகரத்துக்கு, அரை சென்டி நகர்த்தியபின், கிடைத்தது.
புள்ளியின் இடம்
நேரே கல்லின் நெற்றியில்.

ஒட்டிவிடலாமே, என்றான்.
பசை டப்பாவைக் காட்டினேன்: பத்து டிகிரிக்குக் கீழே வேண்டாம்.
வெளியே ஆறு. கல் நேற்றைய மழையில் ஊறியிருந்தது.
அப்படியென்றால் துளைத்துவிட்டுச்
சொல்லாமல் இருப்போம், என்றான்.
எதிர்க் கடிகாரக் கடைக்காரர்
ஏழரைக்கே ஜன்னலுக்கு வந்துவிட்டிருந்தார்.

வண்டிக்குள் தேடினேன். துருப்பிடிக்காத எஃகுக் கம்பி,
மூன்று மில்லி தடிமன்.
ஒரு முனையை வளைத்து
லகரத்தின் முதுகுத் திருகாணியில் மாட்டி,
மறுமுனையில் புள்ளியை முடுக்கினேன்.
சுவரைத் தொடாமல் நின்றது.
காற்றடித்தால் கொஞ்சம் ஆடியது.
கம்பி தெரிந்தது. மறைக்க வழியில்லை.
பதினொன்றுக்கு ஐந்து நிமிடம்.

கழுத்தில் அளவுநாடாவோடு வெளியே வந்து
மங்களேஸ்வரி அண்ணாந்தாள்.
திட்டப்போகிறாள் என்று
ரசீதுப் புத்தகத்தைப் பைக்குள் தள்ளினேன்.
"குண்டூசி" என்றாள்.
வேறெதுவும் சொல்லாமல் உள்ளே போனாள்;
அவளைத் தேடி யாரோ வந்திருந்தார்கள்.

இரவு, மாற்றங்களுக்கான படிவம்.
சேர்க்கப்பட்ட பாகம்: ஒரு கம்பி.
நீளம்: நாலு சென்டிமீட்டர்.
காரணம் எழுத இரண்டு வரி இடம் விட்டிருந்தார்கள்.
கல்லைத் தொடாதிருக்க, என்று ஒரு வரியில் முடித்தேன்.
இதற்கு இன்னொரு எண்பது பிராங்க்.
அதை யார் கட்டுவது என்று
எனக்கும் அவளுக்கும் பேச்சு இன்னும் முடியவில்லை.
இதற்கிடையில் பெஸ்னிக்கின் காற்சட்டை இரண்டு
அவள் மேசையில் கிடக்கின்றன,
விளிம்பு மடிக்க.